மூன்று டிகிரி

வீடு காலி செய்யும்போது ஹெக்டே அம்மா
கம்ப்ரசர் மாற்றிய பாக்கி எண்ணூறு ரூபாய்க்குப் பதிலாக
இரண்டு தொட்டிகளைக் கொடுத்தார்.
"ஹாஸ்கேப். கனடாவிலிருந்து மகன் கொண்டுவந்தது.
பனி விழுந்தால்தான் காய்க்குமாம்.
பெங்களூரில் பனிக்கு எங்கே போக?"
பார்த்தால் இரண்டு சுள்ளிகள்.
தெருவில் வைத்தால் மாடுகூட முகர்ந்துவிட்டுப் போகும்.

எனக்குப் பனி தெரியாது.
குளிர் தெரியும்.
இருபத்தாறு வருஷமாக லிங்கராஜபுரத்தில்
குளிரைத்தான் ரிப்பேர் செய்கிறேன்.
கேஸ் கசிவதை சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும்.
தெர்மோஸ்டாட் பொய் சொன்னால்
என் உள்ளங்கை சொல்லிவிடும்.

கடை மூலையில் ஒரு குளிர்பானப் பெட்டி,
கண்ணாடிக் கதவு, பாதி உரிந்த ஸ்டிக்கர்.
ரிப்பேருக்குக் கொடுத்தவன் திரும்பி வரவேயில்லை.
தட்டுகளைக் கழற்றிவிட்டு
நவம்பர் கடைசியில்
இலையுதிர்ந்த இரண்டையும் உள்ளே வைத்தேன்.
மூன்று டிகிரி.

கரண்ட் பில்லை ஜெசிந்தா
கதவின் உள்பக்கம் ஒட்டினாள்,
செடிகள் படிக்கட்டும் என்று.
கிறிஸ்துமஸ் வாரம், வீட்டு ஃபிரிட்ஜில் இடமில்லை.
இரண்டு சுள்ளிக்கு நடுவே பிளம் கேக்.

ஜனவரியில் ஓர் இரவு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
விடிந்தால்தான் ஆள் வருவானாம்.
ஃப்ரேசர் டவுன் மீன்கடைக்காரனை எழுப்பி
ஐஸ் கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி
வேரோரம் அடுக்கினேன்.
அன்றிரவு கனடாவில் வஞ்சிர வாசனை.

சாம்பல் புதனன்று
நெற்றியில் குருவானவர் இட்ட சாம்பலோடு
மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன்.
பன்னிரண்டாம் நாள் ஒன்று பூத்தது.
மற்றது அசையவில்லை.
ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு வேண்டும்;
தன்னுடையது தனக்கு ஆகாது.
முந்திக்கொண்டதை மறுபடி பெட்டியில் வைத்து
"கொஞ்சம் பொறும்மா, அவளும் எழுந்திரிக்கட்டும்" என்றேன்.
பின்னால் ஜெசிந்தா.
"இந்தக் குரல்ல என்கிட்ட எப்பப் பேசினீங்க?"

யோசித்தேன். தேதி எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டும் பூத்த அன்று
காது குடையும் பஞ்சுக்குச்சியை என்னிடமிருந்து பிடுங்கி
அவளே ஒவ்வொரு பூவாகத் தொட்டாள்.
வெளிர்மஞ்சள், ஜோடி ஜோடியாகத் தொங்குபவை.
ஒரு ஜோடிக்கு ஒரு பழம்.
அதன் வழக்கம் அப்படி.

ஏப்ரல் கடைசியில் காய்கள் நீலமாயின,
சுண்டுவிரல் நுனியளவு, மேலே மெல்லிய சாம்பல்.
பறித்துக் கடித்தேன்.
உள்ளே பச்சை. புளிப்பு தாடையைப் பிடித்து நிறுத்தியது.
ஹெக்டே அம்மா போனில் சிரித்தார்:
"தோலைப் பார்த்து ஏமாறாதீங்க.
இன்னும் பதினைந்து நாள்."

பதினைந்து நாளும்
கைப்பிடிச் சுவரில் ஒரு குயில்.
பழைய கொசுவலையைக் கட்டினோம்,
ஓட்டை இருந்த இடத்தில் துணிக்கிளிப்.

ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள்
(எல்லாம் முடிந்தபிறகு அனுப்புகிறது வானம்)
ஜெசிந்தா குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தாள்.
தண்டை லேசாக உலுக்கினேன்.
விழுந்தது பழம். விழாததைத் தொடக் கூடாது.
பத்தொன்பது.
குடை மடிப்பிலிருந்து இன்னொன்று, ராத்திரி கிடைத்தது.

ருசியா?
நாவல் மாதிரி நாக்கைச் சுருட்டாது.
திராட்சை என்றால் திராட்சைக்குக் கோபம் வரும்.
ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு
"சில்லுனு இருக்கு" என்றாள்.

மாலை நான்கு மணி வெயிலில் பறித்தது.
ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
வெதுவெதுவென்று இருந்தது.
அவளிடம் சொல்லவில்லை.