பிழை எண் பதின்மூன்று

லெபோ பந்தாயில் மூன்றாவது மாடி.
எட்டரைக்கு மேல் லிஃப்ட் ஓடாது.
சரக்குக் கப்பல்களுக்குத் தாள் போடும் அலுவலகம்.
தவுக்கே ஊய் பெங் ஹுவாட்
சாவியை மேசையில் வைத்து
"நாளைக்கு ஆடிட்டர் வர்றான் லா" என்றார்,
போய்விட்டார்.

ஒன்பது இரவாக நகல் ஏறவில்லை.
ஒன்பது இரவும் ஏறியதாகத்தான்
பச்சை விளக்கு சொன்னது.
பதிவேட்டைத் திறந்தால்
அனுமதி மறுக்கப்பட்டது
அனுமதி மறுக்கப்பட்டது
அனுமதி மறுக்கப்பட்டது
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தரம்,
குரலை உயர்த்தாமல்.

கடவுச்சொல் சரி.
கேபிள் சரி.
சேமிப்புப் பெட்டியில் பாதிக்கு மேல் காலி.
ஒரு கோப்பை என் பெயரில் இழுத்துப் போட்டேன், போனது.
அதையே இரவு வேலைக்கு வைத்த கணக்கு போட்டால்
பிழை எண் பதின்மூன்று.

கோப்பி ஓ ஆறிப்போன பிறகுதான் உறைத்தது.
கணினியில் அவன் பெயர் நகல்காரன்.
பெட்டியிலும் நகல்காரன்.
எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.
ஆனால் பெட்டி பெயரைக் கேட்பதில்லை,
எண்ணைத்தான் கேட்கிறது.
இங்கே இவன் 1003.
அங்கே 1003 என்றால்
போன வருஷம் வேலையை விட்டுப்போன ஸ்டோர் கிளார்க்.
இல்லாதவன் எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இருக்கிறவன் இரவெல்லாம் கதவைத் தட்டியிருக்கிறான்.

தவுக்கேவுக்குப் போன் போட்டேன்.
"எல்லாருக்கும் எல்லாத்தையும் திறந்து விடு.
முன்ன இருந்த ஆள் அப்படித்தான் செய்வான்."
பாதிக் கோப்புறைகளில் அப்படித்தான் செய்திருக்கிறான்:
மூன்று ஏழுகள்.
சம்பளப் பட்டியல், பாஸ்போர்ட் நகல், வங்கி எண்,
எல்லாம் அஞ்சடியில் காயப்போட்ட துணி மாதிரி.
மாட்டேன் என்றேன்.
அவருக்குக் கேட்டிருக்காது. டிவியில் பேட்மிண்டன்.

மறுக்கப்பட்டவற்றை உருட்டிக்கொண்டே போனேன்.
சரக்குச் சீட்டு. சுங்கப் பாரம். சரக்குச் சீட்டு.
பிறகு
சற்குணன்_சிவப்பு_ஐசி_மனு_1
சற்குணன்_சிவப்பு_ஐசி_மனு_2
சற்குணன்_சிவப்பு_ஐசி_மனு_4

நான் திறக்கவில்லை.
திறக்க என்னால் முடியும், அது வேறு.

சற்குணன் இங்கே டெஸ்பாட்ச்.
மதியம் "பசியாறியாச்சா அக்கா?" என்றவன்
ஹெல்மெட்டைக் கையில் சுழற்றியபடி
பாதிப் படியில் நின்றான்.
"மூணாவது தடவ போட்ட பாரம்
சிஸ்டத்துல எங்கயாச்சும் இருக்கா பாருங்க.
கவுண்டர்ல அதத்தான் கேக்குறாங்க.
பொறந்தது இந்தா, புக்கிட் மெர்தாஜாம் ஆஸ்பத்திரி."
கையால் கடல் பக்கம் காட்டினான்,
ஏதோ ஆஸ்பத்திரி அங்கிருந்தே
சாட்சி சொல்லும் என்பதுபோல.

வேலைக்கு வந்தேன்.
நகல்காரனுக்கு ஒரே எண் கொடுத்தேன்,
இரண்டு பக்கமும் 1040.
படிக்கலாம், எழுதலாம், அழிக்க முடியாது.
மூன்று ஏழுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினேன்.
போனவன் பெயரில் நின்றதையெல்லாம்
அலுவலகத்தின் பெயருக்கு மாற்றினேன்.
ஒரு வரிக் கட்டளை.
நான்கு விநாடி.
சாட்சிக் கையெழுத்து இல்லை.
நேர்காணல் இல்லை.
மலாயில் பேசிக் காட்டு என்று
எந்தக் கோப்பையும் யாரும் கேட்கவில்லை.

எண்ணிக்கை
ஆயிரத்து நானூற்று முப்பத்தாறாக ஏறியது.
நுழையவே முடியாமலிருந்த அறை ஒன்று
கிளார்க்கின் பெயரில் பூட்டிக் கிடந்திருக்கிறது.
இருபத்து நான்கு கோப்புகள்.
பதினேழாவது, சற்குணனின் மூன்று.

அச்சு இயந்திரம் இரண்டு முறை சிக்கி
மூன்றாவதில் துப்பியது.
எழுத்துப் பக்கம் உள்ளே போக மடித்து
அவன் ஹெல்மெட் மாட்டும் கொக்கியில் செருகினேன்.
அதை வைத்துக்கொண்டு நாளை என்ன சொல்வார்களோ,
அந்தக் கவுண்டரில் எனக்குக் கணக்கு இல்லை.

பன்னிரண்டே முக்கால்.
மறுபடி ஓடவிட்டேன்.
பெட்டி முதன்முறையாகக் கரகரத்தது,
அரிசி களைகிற சத்தம்.

பிழைகள்: ஒன்று.
தவுக்கே எக்ஸெல்லை மூடாமல் போயிருக்கிறார்.