ஒரு வரிக்கு மூன்று வெள்ளி

பீடோங் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டாப்-அப் கடை என்னுடையது.
மேசை இழுப்பறையில் பழைய கைப்பேசிகள் நான்கு,
சிம் கார்டுகள் ஏழு.
ஒரு சிம்முக்கு ஒரு பொம்பளை.

புஷ்பலீலா
செம்பனை நிரையில் இருபது வருஷம்
உதிரிப்பழம் பொறுக்கி முட்டி தேய்ந்தவள்.
தவமணி, பத்துமலைப் படியில்
பாதிவரை ஏறிவிட்டாளாம் இந்த வருஷம்.
ரெங்கநாயகி எதையும் சட்டென்று நம்பாதவள்.
ஒரு வாரம் அவளைச் சந்தேகப்பட விட்டு
எட்டாம் நாள் சம்மதிக்க வைத்தேன்.
அவளால்தான் அதிகம் விற்றது.

பச்சை மூடி எண்ணெய், புட்டி முப்பத்தொன்பது வெள்ளி.
எனக்கு வரிக்கு மூன்று.
அங்கங்கே எழுத்துப்பிழை விடு, அப்போதுதான் நம்புவார்கள்
என்றான் கம்பெனிக்காரன்.
பிழைக்கத் தெரிந்தவன்.

ஊர் வாட்ஸாப் குழுவில்
தீமிதி வசூலுக்கும் சாவுச் செய்திக்கும்
பள்ளிக்கூட பஸ் கட்டணத்துக்கும் நடுவே
ஏழு பேரும் முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.
தேரடியில் இவர்களை யாரும் பார்த்ததில்லை.
பார்க்கவில்லையே என்று யாரும் கேட்டதுமில்லை.

அங்கம்மாதான் ஒரு படம் போட்டாள்.
கொப்புளம் உடைந்த கால்.
கீழே:
"வாங்காதிங்க. எரியிது."

கம்பெனியிலிருந்து உடனே வந்தது:
யார் காசு கொடுத்துப் பேசச் சொன்னது என்று கேள்.
இதற்கு ஐந்து வெள்ளி.

ரெங்கநாயகி கேட்டாள்.
அவள் கேட்டால்தான் எடுபடும்.
அதற்குமேல் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.
உயிரோடிருக்கிற நாற்பது பேர்
சும்மாவே கேட்டார்கள்.
எந்தக் கம்பெனி, அங்கம்மா?
எவ்வளவு?

மறுநாள் மழைக்கு முன்
ஒரு காலில் ஜப்பான் சிலிப்பர், மறுகாலில் துணிக்கட்டு,
கடைக்கு வந்துவிட்டாள்.
பத்து வெள்ளி டாப்-அப்.
எட்டுதான் இருந்தது, மிச்சத்தைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
கண்ணாடி கொண்டு வரவில்லை, நீயே எழுதிப் போடு என்று
கைப்பேசியை நீட்டினாள்.
"என்னான்னு எழுத?"
"நான் யாருகிட்டயும் காசு வாங்கலன்னு."

எழுதினேன்.
ஒரு பிழைகூட இல்லாமல்.
சொன்னதைத்தான் எழுதுகிறேனா என்று
அவள் திரையைப் பார்க்கவில்லை.
வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு
காலை மாற்றி மாற்றி நின்றாள்.

அனுப்பினேன்.
இழுப்பறைக்குள்
ஒன்று உறுமியது. பிறகு ஒன்று.
பிறகு எல்லாம்.

"எடும்மா, எடு," என்றாள் அங்கம்மா.
"யாருக்கு என்ன அவசரமோ."