இருமுறை சோதிக்கப்பட்ட இஸ்திரிப் பெட்டி

வெளியே போனால்
மறுபடி உள்ளே விடுவீர்களா
என்று கேட்டவளிடம் ஏழு மணி நேரம் இருந்தது.
ரெசிஃபியிலிருந்து இரவு முழுக்கப் பறந்து வந்தவள்.
யாரோ மடித்து உட்கார்ந்து எழுந்த
செய்தித்தாள் போல் இருந்தது அவள் சட்டை.

விடுவோம், என்றேன்.
ஆனால் எல்லாம் முதலிலிருந்து.
காலணி, பெல்ட், தண்ணீர் பாட்டில்,
இப்போது சிரித்தீர்களே, அதுவும்.
லிஸ்பன் விமான நிலையத்தில் காலை முறைக்கு
ஒரு வேடிக்கைதான் எனக்கு அனுமதி.
அன்றையதை அவளுக்குச் செலவழித்தேன்.

என் திரையில் உலகம் மூன்றே நிறம்.
ரொட்டி, சோப்பு, புத்தகம் எல்லாம் ஆரஞ்சு.
இரும்பு நீலம்.
எதிலும் சேராதது பச்சை.
அவள் பைக்குள் ஒரு நீலப் படகு
மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

இஸ்திரிப் பெட்டியா?
ஆமாம்.
லக்ஸம்பர்கில் கிடைக்காதா?
இது லக்ஸம்பர்குக்கு இல்லை.
மெட்ரோவில் ஆறாவது நிறுத்தத்துக்கு.

ஷேலாஸில் நாலாவது மாடி.
டியோலிண்டாவோடு ஒரே அறை.
பகலில் ஓட்டல் படுக்கைகள்,
இரவில் வங்கியின் தரை.
ஊருக்குத் திரும்பிய அன்று
அவளுடையதைத் தவறுதலாகப் பெட்டியில் வைத்துவிட்டேன், என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
பாதி தவறுதலாக, என்று திருத்தினாள்.

அங்கே போனால்
இதன் தடித்த இரண்டு காலும்
எங்கள் சுவர் எதிலும் நுழையவில்லை.
இருபத்திரண்டு வருடம்
ஒரு துணியைத் தொட்டதில்லை இது.
காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல்
முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன்.

பின்னால் தள்ளுவண்டிக் குழந்தையின் தகப்பன்
இருமினார்.
மேற்பார்வையாளர் கிட்டேரியு பட்டியலைப் புரட்டினார்.
கத்தரிக்கோலுக்கு நீளம் சொல்லியிருந்தது.
இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்றும் இல்லை.
போகட்டும், என்றார்.
பயணச்சீட்டில் பெயர் பார்த்தேன்: ஸெனைடி.

மதியத்துக்கு மேல் என்னைப்
பெரிய கூடத்துக்கு மாற்றினார்கள்,
மூன்றாவது வார்ப்பட்டை.
நாலு பத்துக்கு
முகத்துக்கு முன் அந்தப் படகு வந்தது.

அதே மூக்கு, அதே நீலம்.
ஆனால் கம்பி?
காலையில் எட்டு எட்டாகச் சுற்றி
துணிக்கிழிசலால் இறுக்கியிருந்தது,
இனி அவிழ்ப்பதில்லை என்பதுபோல.
இப்போது வட்டவட்டமாக, தளர்வாக,
கடைசிச் சுற்றுக்குள் பிளக்கைச் செருகி.
வேறொரு கை அது.
பத்து வருடம் மற்றவர் பைகளுக்குள் பார்த்தவனுக்கு
இவ்வளவாவது தெரியும்.

சட்டகத்தைத் தாண்டி வந்தாள்.
கழுத்துப்பட்டி நிமிர்ந்திருந்தது.
தோளிலிருந்து மணிக்கட்டு வரை
ஒரே கோடு,
அதில் ரயில் விடலாம்.

விளக்கு எரிந்தது.
பத்தில் ஒருவருக்கு எரியும், யார் மேலும் சந்தேகமில்லை.
துண்டை விலக்கி
அடித்தட்டில் துடைப்புத் தாளை இழுத்தேன்.
கையுறை வழியாகவும் தெரிந்தது.

வீட்டில் இல்லையா அவள்?
இருந்தாள்.
வாங்கிக்கொள்ளவில்லையா?

நாடாவைக் கட்டக் குனிந்தபடி சொன்னாள்:
அதற்கப்புறம் மூன்று வாங்கிவிட்டாளாம்.
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.
முதலில் அந்தச் சட்டையைக் கழற்று, என்றாள்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.
பின்னால் ஐம்பது பேர்.

தாளைக் கருவிக்குள் விட்டேன்.
வெடிமருந்து இல்லை என்றது.
வேறெதையும் சொல்ல அதற்குத் தெரியாது.

விதிப்படி நான்
கம்பியை அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும்.
துண்டைச் சுற்றி, பையை மூடி,
தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

அடுத்த தட்டில்
யாரோ மறந்த தண்ணீர் பாட்டில்.