கொள்ளாம்

இடைவேளையில் ஜெஸ்டின் கேட்டான்,
“படம் கொள்ளாமா அண்ணே?”
கொள்ளாம் என்றேன்.
வாயில் பழம்பொரி இருந்தது.

பொய்யில்லை.
முதல் கொலையை எடுத்தவன்
வெளிச்சம் தெரிந்தவன்.
ரப்பர் தோட்டத்து விடியலை
மரத்துக்கு மரம் எண்ணி
நீலமாக இறக்கியிருக்கிறான்.
பால் சொட்டும் சிரட்டையில்
ஒரு துளி சிவப்பு.
வசனமே இல்லை.
மார்த்தாண்டத்தில் இரண்டாம் ஆட்டம்,
மிக்சர் கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோனது.
கொலைகாரன் கையுறையைக் கழற்றுகிறானே,
விரல் விரலாக,
ஏதோ பூசை முடித்தவன் மாதிரி,
எனக்கே கைதட்டத் தோன்றியது.

ஆனால் நான் தக்கலையில்
ஸ்டுடியோ வைத்திருப்பவன்.
கல்யாணம், ஞானஸ்நானம், பாஸ்போர்ட் சைஸ்.
ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால்
பிணமும் எடுப்பேன்,
இருபத்திரண்டு வருசமாய்.

இந்தப் படத்தில் ஆறு பேர் செத்தார்கள்.
ஒருத்தருக்கும் ஈ வரவில்லை.
ஒருத்தர் சட்டைப்பையிலும்
நனைந்த பஸ் டிக்கெட் இல்லை.
குலசேகரத்தில் அப்படி மழை பெய்கிறது,
யார் காலிலும் அட்டை ஏறவில்லை.
துப்பறிகிற அதிகாரி
பேச்சிப்பாறைக் கால்வாயில் இறங்கி ஏறுகிறார்,
சட்டை மடிப்பு அப்படியே இருக்கிறது.
எதற்காக இத்தனை கொலை என்பதைக்
கடைசிப் பத்து நிமிடத்தில்
ஒரு டாக்டர் வந்து
பரீட்சைக்குப் படித்ததுபோல்
ஒப்பித்துவிட்டுப் போகிறார்.

மூன்றாவதாகச் செத்தவளுக்குப்
பேர்கூட வைக்கவில்லை.
வாழைத்தோப்பின் பச்சைக்கு நடுவே
ஒரு சிவப்புச் சேலை வேண்டியிருந்தது,
விழுந்தாள்.

அங்கேதான்
பழம்பொரி எண்ணெய் நெஞ்சுக்கு ஏறியது.

பரளியாற்றுக் கரையில்
லீலாபாயை எடுக்கப் போன காலை.
இன்ஸ்பெக்டர் வர நேரமிருந்தது.
ஒற்றைச் செருப்பு
சட்டத்துக்கு வெளியே கிடந்தது.
காலால் லேசாகத் தள்ளி
உள்ளே கொண்டுவந்தேன்.
படம் நன்றாக வந்தது.

அவள் ஓடினாளா, நின்றாளா என்று
அந்தச் செருப்பை வைத்து
நாலு வாய்தா வாதாடினார்கள்.
கூண்டில் ஏறி
“உள்ளதை உள்ளபடி எடுத்தேன்” என்றேன்.
அவள் மாமியார் மகன்
விடுதலையாகி வந்து
என்னிடமே ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்துக்கொண்டான்.
முகத்தில் நிழல் விழாமல்
பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

விளக்குப் போட்டார்கள்.
“ஸ்டைலா இருக்கு, ஆனா
என்னமோ ஒண்ணு கொறையுதுல்லா?” என்றான் ஜெஸ்டின்.
வண்டியை எடு என்றேன்.

மேம்பாலத்தில் இப்போதுதான் மழை விட்டிருந்தது.
ஈரத் தாரில் மஞ்சள் விளக்குகள்
யாரோ ஒழுங்குபடுத்தி வைத்ததுபோல்
நீளமாய்க் கிடந்தன.
நடுவே ஒரு செருப்பு,
யாருடையதோ.

என் ஆள்காட்டி விரல்
தானாக மடிந்தது.