பயணி இருக்கை

புயல் வருமென்று தெரிந்த மாலையில்
சாலைத்துறைக் கொட்டகையில் உட்கார்ந்து
நானும் மார்லிஸும் ஆப்பிள் சீவினோம்.
அவள் சீவிய தோல் அறாமல் சுருண்டு விழுந்தது.
நான் சீவியதில் பாதிச் சதை தோலோடு போயிற்று.
"டோய்வோவின் பன்றிகளுக்கு இன்று விருந்து" என்றாள்.

பேட்டரி சார்ஜருக்குப் பக்கத்தில்
ஸ்லோ குக்கருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தோம்.
துண்டு போட்ட ஆப்பிள், கிரான்பெர்ரி இரண்டு கை,
கண்ணளவில் பழுப்புச் சர்க்கரை, பட்டைத் தூள்.
மேலே ஓட்ஸும் வெண்ணெயும்
விரல்நுனியில் பிசிறித் தூவினாள்.
மூடிக்கு அடியில் ஒரு துணி,
மூடி வியர்த்து மேல்மாவில் சொட்டாமலிருக்க.

பிறகு ஒட்டுநாடா கிழித்து மூடியில் ஒட்டி எழுதினாள்:
எட்டிப் பார்த்தால் இருபது நிமிடம் நஷ்டம்.

பத்தே முக்காலுக்கு மின்சாரம் போயிற்று.
ஏரிப் பக்கமிருந்து காற்று
தகரக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தது.
ஜெனரேட்டர் வயர்லெஸ்ஸுக்கும் டீசல் பம்புக்கும் மட்டும்;
பழத்தைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒன்றுமில்லை.
கண்ணாடி மூடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பாதி வெந்து பாதி வேகாமல்
கிடந்தது, வாய்தா வாங்கிய வழக்கு மாதிரி.

மார்லிஸ் எதுவும் பேசவில்லை.
வயரைச் சுற்றிக் கையிலெடுத்தாள்.
பனி தள்ளும் பதினாலு டன் வண்டியில்
பயணி இருக்கையில் வைத்து
சீட் பெல்ட் போட்டு
இன்வெர்ட்டரில் சொருகினாள்.
ஆறு வருடமாக அந்த இருக்கையில்
யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததெல்லாம் சத்தம்தான்.
"ஏழாம் சாலை, மைல் பன்னிரண்டு, கண் தெரியவில்லை"
என்பதற்குப் பின்னால்
டிக் டிக்கென்று மூடி சட்டியில் இடிக்கும்.
"மைல் பத்தொன்பது. வாசனை வர ஆரம்பித்துவிட்டது."
இருட்டில் கோட்டைப் போர்த்திக்கொண்டு
பன்றிக்கு வைத்திருந்த தோலை
ஒவ்வொன்றாக மென்றேன்.

இரண்டு நாற்பதுக்குக் குரல் மாறியது.
பள்ளத்தில் ஒரு வேன்.
ஹாக்கி ஆடிவிட்டுத் திரும்பிய பெண்கள் ஒன்பது பேர்,
ஓட்டி வந்த பயிற்சியாளர் வெண்டெல்.
ஐந்துக்குப் பூஜ்யம் தோற்றிருந்தார்கள்.
அடி ஒன்றுமில்லை, குளிர்தான்,
ஒருத்திக்குப் பல் கிட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை.
மீட்பு வண்டி வர இன்னும் ஒரு மணி நேரமாகும்
என்று சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன்.

மைக்கின் பொத்தான் எங்கோ அழுந்திக்கொண்டது போல.
எல்லாம் கேட்டது.
கதவு. பூட்ஸ். நெருக்கியடித்து ஏறும் பத்துப் பேர்.
பெல்ட்டின் கிளிக்.
மூடி திறக்கும்போது
ஒரு நொடி யாருமே பேசவில்லை.
ஒரே கரண்டி, தெர்மாஸ் மூடி ஒன்று,
கண்ணாடிப் பனி சுரண்டும் தகடும் வேலைக்கு வந்திருக்கும்.
ஆக்கப் பொறுத்தாயிற்று; ஆறப் பொறுக்க ஆளில்லை.
"ஊது, ஊது" என்கிறாள் மார்லிஸ்.
பல் கிட்டியவள் பேசிய முதல் வார்த்தை
"இன்னும்."

பதிவேட்டில் அந்த நேரத்துக்கு
என்ன எழுதுவதென்று தெரியாமல்
"திறந்தது" என்று மட்டும் எழுதினேன்.
அதிகாரி சாலையைப் பற்றி என்று எடுத்துக்கொள்வார்.

விடிந்து வெகுநேரம் கழித்து வந்தாள்.
சட்டியை என் மேஜையில் வைத்துவிட்டு
உப்பு எத்தனை டன், டீசல் எவ்வளவு என்று ஒப்பித்தாள்.
கண்ணிமையெல்லாம் வெள்ளை.
சட்டிக்குள் ஒன்றுமில்லை;
விளிம்பைச் சுற்றி மட்டும்
கறுத்துப் பிடித்த ஒரு வளையம், சர்க்கரைக் காந்தல்.
ஸ்குரூ டிரைவரைத் துடைத்துச் சுரண்டினேன்.

"எப்படி இருக்கிறது?"

பட்டை கொஞ்சம் தூக்கல் என்றேன்.
வாயை மூடிக்கொண்டு தின்னு என்று சொல்லிவிட்டு
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
உப்பு மூட்டைகளின் மேல் சாய்ந்தாள்.
நான் அடுத்த பக்கத்தைச் சுரண்ட
சட்டியைத் திருப்பினேன்.