மூன்றாம் வரிசை

எனக்கு வேதம் அத்தனை பழக்கமில்லை.
பழகியது போதகர் வெல்மரி ஸ்டோக்ஸின் மூச்சு.
டெட்ராய்ட்டில், மூடிப்போன செருப்புக்கடை ஒன்றைச்
சபையாக்கி வைத்திருக்கிறார்கள்.
பதினோரு வருடமாக ஞாயிறுதோறும்
அங்கே ஆர்கன் வாசிக்கிறேன். கூலி எண்பது டாலர்,
மதியம் கோழியும் சோளரொட்டியும்.

பிரசங்கத்தில் பாதி என் விரல்களில் நடக்கும்.
அவர் ஒரு வாக்கியத்தைக் கீழே இறக்கினால்
அதற்குள் ஒரு ஸ்வரத்தை விரித்துவிட வேண்டும்,
ஈரத்தரையில் சாக்கு போடுகிற மாதிரி.
முதல் இருபது நிமிடம் சும்மா நடப்பார்:
பஸ் கட்டணம், பனி, பக்கத்து வீட்டு நாய்.
பிறகு ஒரே சொல்லை மூன்று தரம் சொல்வார்.
முதல் தரம் கேள்வி.
இரண்டாம் தரம் வழக்கு.
மூன்றாம் தரம் சொல்லுக்கு ராகம் முளைத்து
சபை எழுந்து நிற்கும்.
"விடாதீர்கள் போதகரே!" என்பார் டீக்கன் ஒபதையா க்ரம்ப்.

ஏற்றத்துக்கு அடையாளம் உண்டு.
இடது கை கைக்குட்டையைத் தேடும்.
கைக்குட்டை வெளியே வந்தால் ஏ ஃபிளாட்டைப் பிடி,
சுழலும் ஒலிபெருக்கியை முடுக்கு,
மிச்சம் ஆவியானவர் பாடு.
இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. வாசலில் முழங்கால் பனி.
அன்றைக்கு எடுத்தது, நள்ளிரவுப் பிரசங்கத்தில்
ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி
மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே, அந்த வாலிபன் கதை.
"நீட்டிப் பேசினால் ஆள் சாவான்,
அப்போஸ்தலனே பேசினாலும்!"
சிரித்தோம். க்ரம்ப் தொடையைத் தட்டிக்கொண்டார்.
சிரிப்பு அடங்குமுன்னே நடை மாறியது.

தூங்காதே, என்றார்.
தூங்காதே!
கைக்குட்டை வந்துவிட்டது.
என் பத்து விரலும் கட்டைக்கு ஒரு நூல் உயரத்தில்.
மூன்றாவது, வாய்க்குள் இருக்கும்போது
அவர் கண் மூன்றாம் வரிசையில் இடறியது.

லூஷியஸ் பிராச்சர். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவு வேலை. ஏழு மணிக்கு முடித்து
கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருக்கிறான்.
வாய் திறந்திருக்கிறது.
மடியில் இரண்டு கைகள், ஊறிச் சுருங்கிய விரல்களோடு.

போதகர் என் பக்கம் திரும்பி உள்ளங்கையைத் தாழ்த்தினார்.
இத்தனை வருடத்தில் நான் காணாத சைகை.
கையை எடுத்துவிட்டுக் காலால் ஒரே ஒரு ஸ்வரம் பிடித்தேன்,
அடுத்த அறையில் ஃப்ரிட்ஜ் முனகுவதுபோல.
அவர் மைக்கை அணைத்தார். மூன்று படி இறங்கி வந்தார்.
கிசுகிசுத்தார்:

"தூங்கினான் என்று எழுதி வைத்தார்கள்.
அன்றைக்குக் காலையில் எத்தனை மணிக்கு
வேலைக்குப் போனான் என்று
ஒருவரும் எழுதவில்லை."

அதற்குப் பிறகு கால் மணி நேரம்
அவ்வளவு சத்தத்தில்தான் பிரசங்கம்.
சபை முழுக்க முன்னால் சாய்ந்திருந்தது.
ஆமென்கள் உதட்டோடு நின்றன.
ஒரு குழந்தையின் சிப்ஸ் பொட்டலத்தை
யாரோ விரல் விரலாகப் பிரித்து வாங்கினார்கள்.
க்ரம்ப் தாங்கமாட்டாமல் எழுந்தார்,
கத்த வேண்டிய இடத்தில் தன் கைக்குட்டையை ஆட்டினார்.
ரேடியேட்டர் டொக்கென்றது. எல்லோரும் அதை முறைத்தோம்.

எனக்குக் கோபம்தான், உண்மையைச் சொன்னால்.
ஏறாத ஏற்றம் தோள்பட்டையில் நின்றுகொண்டது,
வராத தும்மல் மாதிரி.
அந்த மூன்றாவது "தூங்காதே" எங்கே போயிற்று?
புதன்கிழமை வரை தேடினேன்.

காணிக்கைத் தட்டின் சில்லறையில் அவன் விழித்தான்.
இரண்டு டாலர் போட்டான். வாசலில் கைகுலுக்கி
"நல்ல பிரசங்கம்" என்றான், வழக்கம்போல.
"கேட்டதற்கு நன்றி" என்றார் போதகர்,
முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

எண்பதை எண்ணித் தரும்போது க்ரம்ப் கேட்டார்:
"இன்றைக்கு ஒரே ஸ்வரம்தானே வாசித்தாய்?"
பதில் சொல்லவில்லை.
கால் மரத்துப் போயிருந்தது.