பக்கத்துத் தாள்

எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க
நான் சொல்வது இவ்வளவுதான்:
மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க.
ஆடாதீங்க.
விடலாம்.

சனிக்கிழமை, ஹெக்ஸம் ஊருக்கு வெளியே
பழைய கல்குவாரியின் மண்மேட்டுக்கு எதிரே
பாயில் குப்புறப் படுத்து
அதையே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்,
ஒரு திருத்தத்தோடு:
பாதி விட்டபின் நிறுத்து.
நுரையீரல் நிறைந்தால் படம் தெளியும்,
குறி துடிக்கும்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் இருபத்தைந்து கஜம்.
காற்றில்லை. தோட்டா விழுவதற்கு நேரமுமில்லை.
பத்துக்குப் பத்து.
கெட்டிக்காரி என்றார்கள்; நம்பிவிட்டேன்.

ஐம்பதில் கொஞ்சம் பணிவு வந்தது.
நூறில்தான் இந்தப் பாயின்ட் டூ டூவின் சுபாவம் பிடிபட்டது.
ஒலியைவிட மெதுவாகப் போகிற ஈயப்பொட்டு,
கடைக்கு அனுப்பிய பிள்ளை மாதிரி
வழியெல்லாம் வேடிக்கை பார்க்கிறது.
ஐம்பதுக்குச் சரிசெய்ததை அப்படியே நூறுக்கு நீட்டினால்
முக்கால் சாண் கீழே போய் உட்காரும்.
டைன் ஆற்றுக் காற்று
கொடியின் நுனியைத் தூக்கினாலே போதும்,
இரண்டு விரற்கடை விலகிவிடும்.

தோட்டாவைக் குறைசொன்னேன்.
ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதை.
ஆனால் மேடையும் கொஞ்சம் கோணல்தான்:
அதே கம்பெனி, அதே பச்சைப் பெட்டி,
4417 என்ற தொகுதி சிதறியது,
4460 சேர்ந்து விழுந்தது.
வெடிக்கும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கிறது;
விளிம்பு மயிரிழை தடித்தாலும் ஊசி அடிக்கும் அடி வேறு.
4460இல் இருபது டப்பா வாங்கி
இரும்பு அலமாரியில் பூட்டினேன்.
அந்த மாதம் புதுச் செருப்பு இல்லை.

"குழலைத் தேய்த்துக்கொண்டே இருக்காதே" என்றாள் மொய்ரா சார்ல்டன்.
"துடைத்த குழல் முதல் பத்துச் சூட்டுக்குப் பொய் சொல்லும்."
எழுதிக்கொண்டேன்.
ஐம்பதிலிருந்து நூறுக்கு, மேலே இருபத்தாறு கிளிக்.
கொடி பாதி எழுந்தால் சுடாதே, காத்திரு.
காலையில் காபி வேண்டாம்.

மே மாதக் கடைசிச் சனி, கழகப் போட்டி.
நூறு கஜம். தாளுக்கு இரண்டு வட்டம்.
மேல்வட்டத்தை ஒருமாதிரி முடித்தேன்.
எழுந்து கணக்கெழுதி, மறுபடி படுத்தேன்.
அதற்குள் பாய் ஒரு சாண் நகர்ந்திருந்தது;
நான் கவனிக்கவில்லை.

அப்புறம் வந்தது அந்தப் பத்து.
கொடி விழும்வரை பொறுத்தேன்.
விரல் இழுத்ததா, துப்பாக்கியே தீர்மானித்ததா தெரியாது.
ஒன்று. அதன் தோளில் இன்னொன்று.
தொலைநோக்கியில் பார்த்தால்
பத்தையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்.
யாரிடமும் சொல்லவில்லை.
முகம்தான் சொல்லியிருக்கும்.

பக்கத்துப் பாயிலிருந்து கீத் ஹெஸ்லாப் எழுந்தார்,
அஞ்சல் நிலையத்தில் ஓய்வு பெற்றவர், நிதானமானவர்.
"நான் இன்னும் கீழ்வட்டத்துக்கே வரலை," என்றார்,
"யாரோ முடிச்சு வச்சிருக்காங்க.
ரொம்ப நல்லா முடிச்சிருக்காங்க."

என் தாளில் கீழ்வட்டம்
அச்சிட்ட அன்றுபோல வெள்ளை.

தூரம் சரி. காற்று சரி.
தொகுதி, கிளிக், மூச்சு, எல்லாம் சரி.
மொய்ரா சிவப்புப் பேனாவால் பூஜ்யம் போட்டாள்,
வட்டமாக, அழகாக.
கீத்துக்குப் புதுத் தாள்.
பழையதை என்னிடம் கொடுத்துவிட்டுத்
தேநீருக்குப் போனார்.

திங்கட்கிழமை முதல் ஆள் ரோரி, வயது ஒன்பது,
மரத்திலிருந்து விழுந்த முட்டி.
சீட்டில் இடது என்றிருந்தது.
"எந்தக் கால்?" என்றேன்.
காட்டினான்.
"இதுவா?"
"ஆமா."
"இது இடதா வலதா?"
பையன் அம்மாவைப் பார்த்தான்.
அம்மா என் பெயர் அட்டையைப் பார்த்தாள்.

ஈயத்தில் வார்த்த எல் எழுத்தை
முட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஆடாதே, என்றேன்.